முள் நடுவில் நின்றது

நட்டநடுச் சந்திப்பில், கற்றுக்கொள்ள வந்த பெண் ஸ்டியரிங்கில் இருக்கும்போதே, மாமியாரின் கார் புகையாய் ஆவியைக் கக்கிவிட்டு நின்றது. ஊரில் பாதிப் பேருக்கு வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுத்தவர் அவர். போகிறவர் வருகிறவரெல்லாம் அவருக்கே புத்தி சொல்லிவிட்டுப் போனார்கள்.

"என்ஜின் முடிஞ்சுதும்மா. வித்துத் தலைமுழுகிடலாம்," என்றான் மகன். சைக்கிளுக்குக் காற்றடிக்கவே கடைக்குப் போகிறவன்.

மாமியார் அன்று சரியாகச் சாப்பிடவில்லை.

மருமகளுக்கு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. நோயைப் பார்க்காமல் முடிவு சொல்வது அவளுக்குப் பிடிக்காது. மறுநாள் வண்டியை ஸ்டார்ட் செய்து, சூட்டைக் காட்டும் முள் சிவப்பை நெருங்கியதும் நிறுத்தி, பானட்டைத் திறந்து தொட்டுப் பார்த்தாள்.

"அத்தை, என்ஜின் கொதிக்குது, ரேடியேட்டர் ஜில்லுன்னு இருக்கு. சூடானா திறந்து தண்ணிய அனுப்ப வேண்டிய தெர்மோஸ்டாட் திறக்கவே இல்ல போல."

"அத நாமளே மாத்த முடியுமா?"

"ரெண்டு போல்ட்டுதான்."

புதியதை வாங்கி வந்தார்கள். வண்டி நன்றாக ஆறியபின், ரேடியேட்டரின் பச்சை நிறத் தண்ணீரை டப்பில் வடித்து, குழாயைக் கழற்றினாள். முதல் போல்ட் சொன்ன பேச்சு கேட்டது. இரண்டாவது துருப்பிடித்து அசைய மறுத்தது. எண்ணெய் விட்டு ஊறவைத்து மறுபடி ஸ்பேனரைப் போட்டாள்.

"மெதுவா. அழுத்தாத, விட்டுப் பிடி," என்றார் மாமியார், கிளட்ச் பாடம் நடத்தும் அதே குரலில்.

படக்கென்று சத்தம். உடைந்தேவிட்டது என்று இருவரும் முகத்தைப் பார்த்துக்கொண்டார்கள். உடையவில்லை, சுழன்றது.

தூக்கிப் போட வைத்திருந்த பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, பழையதையும் புதியதையும் நூலில் கட்டித் தொங்கவிட்டாள்.

"என்ன சமையல்?" என்று எட்டிப் பார்த்தான் மகன்.

"நீ விக்கச் சொன்ன வண்டியோட நோய்," என்றார் மாமியார்.

புதியது மெல்ல வாய் திறந்தது. பழையது தண்ணீர் தளதளவென்று கொதித்தும் இறுக மூடியே கிடந்தது.

"நல்ல பிடிவாதம். யார மாதிரின்னு நான் சொல்லல," என்று மகனைப் பார்த்தார்.

ஒழுகாமல் அடைக்க ஒட்டியிருந்த பழைய கேஸ்கெட்டைச் சுரண்டி, ஸ்பிரிங் என்ஜின் பக்கம் இருக்கும்படி புதியதை வைத்து முடுக்கினாள். தண்ணீர் நிரப்பி ஸ்டார்ட் செய்தார்கள். முள் நடுவைத் தாண்டி ஏறியது.

"நான் அப்பவே சொன்னேன்ல," என்றான் மகன்.

மருமகள் என்ஜினை நிறுத்தினாள். அவள் முகம் சுண்டிப்போயிருந்தது. "நீ உள்ள போடா," என்று மகனை விரட்டிவிட்டு, மாமியார் அவள் பக்கத்திலேயே படியில் உட்கார்ந்தார். வண்டி ஆறும்வரை இருவரும் காத்திருந்தார்கள்.

"அத்தை," என்றாள் கடைசியில். "ஊசி போடறதுக்கு முன்னாடி காத்த வெளியேத்துவோம். இதுல வெளியேத்தவே இல்ல. உள்ள காத்து மாட்டியிருக்கு."

"அப்போ வண்டி மூக்கத் தூக்கி நிறுத்தணுமா?"

"ஆமா."

மாமியார் வண்டியை வாசல் சரிவில் முன்பக்கம் மேலே இருக்கும்படி நிறுத்தினார். ரேடியேட்டர் மூடியைத் திறந்துவைத்தே என்ஜினை ஓடவிட்டார்கள். குளுக் குளுக்கென்று குமிழிகள் வந்தன. தண்ணீர் மட்டம் இறங்க இறங்க மருமகள் ஊற்றினாள். குமிழிகள் நின்றதும் மூடியைப் போட்டாள். சற்று நேரத்தில் ரேடியேட்டர் சுட்டது. ஃபேன் விர்ரென்று சுற்றியது. முள் நடுவில் நின்றது, ஆணி அடித்தது போல.

"ஏறுங்க ரெண்டு பேரும்," என்றார் மாமியார். மகன் பின்னால் ஏறினான்.

நேரே மேட்டுச் சாலைக்கு விட்டார். முன்னால் ஒரு லாரி ஊர்ந்தது; முதல் கியரிலேயே ஏற வேண்டியிருந்தது. மருமகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு முள்ளையே பார்த்தாள். அது அசையவில்லை. உச்சிக்கு வந்ததும் காற்று ஜன்னல் வழியாக அடித்தது.

"நான் விக்கலாம்னு சும்மாதான் சொன்னேன்," என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

இருவரும் சிரித்த சிரிப்பில் வண்டியே குலுங்கியது. மாமியார் சிக்னல் போட்டு வண்டியைத் திருப்பினார்.

"எங்க அத்தை?"

"கீழ போய் மறுபடி ஏறப் போறோம். இந்த வாட்டி நீ ஓட்டு."