இரும்புத் தண்ணீர்

எர்ணாவூரில் எங்கள் தெருமுனை அடிபம்பில் தண்ணீர் மஞ்சளாக வரத் தொடங்கியபோது ஒருவரும் பதறவில்லை. பதறத் தெரிந்தவர்கள் இந்தப் பக்கம் வீடு பார்ப்பதில்லை. "சாத்தாங்காட்டு இரும்பெல்லாம் ஊறி மண்ணுக்குள்ள எறங்கிக்கீது" என்றான் சாவியோ. சாத்தாங்காட்டு இரும்பு மார்க்கெட்டில் தகடு தூக்குகிறவன். இரும்பைப் பற்றி அவன் சொன்னால் மறுப்பார் யார்? அன்றிலிருந்து தெருவுக்கே அது இரும்புத் தண்ணீர்.

அவன் மனைவி பெனிஷாவுக்கு அப்போது ஐந்தாம் மாதம். ரத்தம் கம்மி என்று ஆஸ்பத்திரியில் சத்து மாத்திரை கொடுத்திருந்தார்கள். விழுங்கியதும் குமட்டிக்கொண்டு வந்துவிடும்.

"இன்னாத்துக்கு இத்த முழுங்கி வாந்தி எடுத்துகினு கீற? நம்ம பம்புலயே இரும்பு கீது, குடி" என்றான். காலையில் வேலைக்குப் போகுமுன் ஒரு குடம் அடித்து வருவான். பாதியாகச் சுண்டக் காய்ச்சினால் கிருமியும் சாகும், சத்தும் ஏறும் என்பது அவன் எண்ணம். ஆறவைத்துக் கொடுத்து, அவள் சொம்பைக் காலி செய்யும்வரை எதிரிலேயே நிற்பான். பக்கத்து வீட்டு ஹபீபுல்லா பாய் கிண்டலடிப்பார்: "செரங்கு புடிச்ச கையும் இரும்பு புடிச்ச கையும் சும்மா இருக்காதுன்னு சும்மாவா சொன்னாங்க!" அவர் கையிலேயே அப்போது சிரங்கு இருந்தது. எல்லோரும் சிரித்தோம். எதிர் வீட்டுக்காரியான எனக்குப் பொறாமையும்தான். எந்தப் புருஷன் இதெல்லாம் செய்வான்?

ஏழாம் மாதம் பெனிஷாவின் முகம் வீங்கியது. சிறுநீரகம் கெட்டிருக்கிறது என்று ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொண்டார்கள். குழந்தை வயிற்றிலேயே இறந்துபோனது.

அந்த வாரம்தான் தண்ணீரைச் சோதித்தவர்கள் வந்து குடிக்கக் கூடாதென்று பம்புக்குச் சிவப்புப் பெயிண்ட் அடித்தார்கள். மூடிக்கிடக்கும் கெமிக்கல் கம்பெனிக்குப் பின்னால் கொட்டிய கழிவு கீழே இறங்கியிருக்கிறதாம்.

"இரும்புதானே சார்?" என்று அவர்களில் ஒருவரைக் கேட்டான் சாவியோ.

"குரோமியம்பா, விஷம். இரும்புன்னா குடத்துல செங்காவி படிஞ்சிருக்குமே, பார்க்கலையா?"

நாளெல்லாம் துருவில் புரள்கிறவன். அந்தக் கறை அவன் எந்தச் சட்டையிலும் போனதில்லை. குடம் மட்டும் ஏன் பளிச்சென்று இருக்கிறது என்று அவனுக்குத் தோன்றவேயில்லை.

"காய்ச்சித்தான் சார் குடுத்தேன்."

"காய்ச்சினா தண்ணிதான் ஆவியாப் போகும். விஷம் இன்னும் கெட்டியாகும்" என்று சொல்லிவிட்டு அவர் வண்டியேறினார். ஒரு பொய் சொல்லிவிட்டுப் போனால்தான் என்ன என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

தண்ணீரால்தானா என்று டாக்டரைக் கேட்டோம். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்றார். இந்த இரண்டு 'லாம்'களுக்கு நடுவே ஒருவன் எப்படித் தூங்குவான்?

பெனிஷா வீட்டுக்கு வந்தாள். லாரித் தண்ணீர் வரும் என்றிருந்தார்கள், வரவில்லை. சிவப்புப் பம்பை அவள் இன்னும் பார்க்கவில்லை. அவளிடம் சொல்ல எங்கள் யாருக்கும் வாய் வரவில்லை. நான் பார்க்கப் போனபோது சுவரில் சாய்ந்தபடி சாவியோவைக் கூப்பிட்டாள்.

"ஒடம்புல ரத்தமே இல்லய்யா. அந்த இரும்புத் தண்ணிய நல்லா சுண்டக் காய்ச்சிக் குடு. அடுத்ததாவது தங்கட்டும்."

சாவியோ சொம்பை எடுத்தான். வீட்டில் வேறு தண்ணீர் இல்லை.