இருமல் வராத ஆண்டிச்சாமி

நார்த்தாமலைப் பக்கத்து அந்த ஊரில் கருப்பர் யார்மேல் இறங்குவார் என்று கண்டுபிடிக்க ஒரு வழி வைத்திருந்தார்கள். சாமியாடி இறந்து வருசம் திரும்பியதும், அந்த வகையறாவில் மீசை அரும்பிய, கல்யாணமாகாத பையன்களைக் கோயிலில் வரிசையாக உட்கார வைப்பார்கள். ஆளுக்கொரு சுருட்டு. பாலும் மோரும் குடித்து வளர்ந்த பிள்ளை முதல் இழுப்பிலேயே இருமிவிடுவான். இருமாமல் கடைசிவரை குடிக்கிறவன் மனுசனாக இருக்க முடியாது, கருப்பராகத்தான் இருக்க வேண்டும். புதுக்கோட்டை டவுனில் ஹைஸ்கூல் என்று ஒன்று இருப்பதையும், அதற்கு எதிரே பெட்டிக்கடை இருப்பதையும் இந்த ஏற்பாட்டைச் செய்தவர்கள் அறியமாட்டார்கள்.

ஆண்டிச்சாமி அந்த ஹைஸ்கூலில் படித்தான். வயது பதினாறு. அவனும் கூடப் படித்த ராசுவும் இன்னும் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு சிகரெட் வாங்குவார்கள். கடையில் தொங்கும் நெருப்புக் கயிற்றில் பற்றவைத்துக்கொண்டு, திருக்கோகர்ணம் போகும் சாலையில் ஒரு புளியமரத்துக்குப் பின்னால் நின்று மாற்றி மாற்றி இழுப்பார்கள். காசு கொடுத்தவனுக்கு முதல் இழுப்பு. மூக்கு வழியாகப் புகை விடத் தெரிந்தவனுக்குத் தனி மரியாதை. பிறகு ஆளுக்கு நாலு கொய்யா இலையை மென்றுவிட்டு நல்ல பிள்ளைகளாக வீட்டுக்குப் போவார்கள். வகுப்பில் பாதிப்பேர் இப்படித்தான், பெரிய அதிசயம் ஒன்றுமில்லை.

செத்துப்போன சாமியாடி மலையாண்டி, ஆண்டிச்சாமியின் அப்பா. கொழும்பில் கடை வைத்திருந்த மாமா நாகராசு, பையனை அனுப்பிவையுங்கள் என்று சொல்லியனுப்பியிருந்தார். ஆண்டிச்சாமிக்குத் தூக்கத்தில்கூடக் கொழும்புதான். ஆனால் சாமியாடி கடல் தாண்டக் கூடாது. அதனால் முதல் இழுப்பிலேயே இருமிவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் வரிசையில் உட்கார்ந்தான். பக்கத்தில் சித்தப்பா மகன் கண்ணுசாமி. சாமியாடி ஆகவேண்டும் என்று நாற்பத்தெட்டு நாள் விரதம் இருந்தவன், பாவம். ஒரே இழுப்பில் கண்ணில் நீர் கொட்ட, குடல் வெளியே வந்துவிடும் போல இருமினான். வரிசையே இருமியது.

ஆண்டிச்சாமியும் இழுத்தான். இருமல் வரவில்லை. இன்னும் ஆழமாக இழுத்துப் பார்த்தான். தொண்டை, வெகுநாள் சினேகிதனைக் கண்டது போலப் புகையை உள்ளே விட்டது. வேண்டுமென்றே இருமப் பார்த்தான். ஒரு ஏப்பம்தான் வந்தது. அந்தத் தடுமாற்றத்தில், பழக்கதோசம், புகை இரண்டு மூக்கு வழியாகவும் நீளமாக இறங்கியது. மலையாண்டியும் சாமி வந்தால் அப்படித்தான் விடுவார். பெண்கள் குலவை போட்டார்கள்.

அவனுக்கு உடம்பு நடுங்கியது. பயத்தில் வந்த நடுக்கம்தான், ஆனால் ஊர் அதை வேறு கணக்கில் சேர்த்தது. இனி உண்மையைச் சொல்லாமல் தப்ப வழியில்லை என்று தெரிந்தது. வகையறாவுக்குப் பெரியவரான ராக்கன் பெரியப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டான்.

“பெரியப்பா, எனக்குப் பழக்கம் இருக்கு. ரெண்டு வருசமா சிகரெட் குடிக்கிறேன்.”

ராக்கன் அவனை அடிக்கவில்லை. கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

“நீ குடிக்கலப்பா. ரெண்டு வருசமா அவருதான் குடிச்சிருக்காரு.”

இரண்டு வருசத்துக்கு முன்னால் மலையாண்டி உயிரோடுதானே இருந்தார், கருப்பர் ஒரே சமயத்தில் இரண்டு இடத்திலா இருந்தார் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஆண்டிச்சாமிக்கே கேட்கத் தோன்றவில்லை. அவன் மனசில் வேறொன்று ஓடியது. புளியமரத்தடியில் முதல்முதலாகக் குடித்த அன்றைக்கு ராசு வாந்தி எடுத்தான், மற்ற இரண்டு பேரும் இருமினார்கள். தான் மட்டும் இருமவில்லையே, ஏன்? இதுவரை அதை ஒரு சாமர்த்தியம் என்றுதான் நினைத்திருந்தான். இப்போது அவனுக்கு எதுவும் விளங்கவில்லை. பழக்கம் எங்கே முடிந்தது, சாமி எங்கே தொடங்கியது?

அவனுடைய ஆத்தா மூக்காயி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். மகன் பீடி குடித்தான் என்று தெரிந்தால் விளக்குமாற்றால் வெளுத்துவிடும் பெண்பிள்ளை. அவளே இரண்டாவது சுருட்டைப் பற்றவைத்து அவன் கையில் கொடுத்துவிட்டு, காலில் விழுந்தாள். பெற்றவள் காலில் விழ, அவனுக்குக் கூச்சத்தில் செத்துவிடலாம் போல இருந்தது.

“அய்யா, எம்மகனக் கொழும்புக்குக் கூப்புடுறாக. அனுப்பவா, வேணாமா? நீதான் வாக்குச் சொல்லணும்.”

ஆண்டிச்சாமி கணக்குப் போட்டான். இதைவிட நல்ல வழி வாய்க்குமா? கருப்பரே சொன்னால் கடல் தாண்ட என்ன தடை? ‘அனுப்பு’ என்று ஒரு வார்த்தை போதும், ஊரே வண்டி கட்டி அனுப்பிவைக்கும். வாயைத் திறந்தான்.

அதற்குள் அவள் நிமிர்ந்து பார்த்தாள். முகமெல்லாம் கண்ணீர்.

“அவுக அப்பாவும் போயிட்டாக. இவனும் போயிட்டா, நான் யாரப் பாத்துக்கிட்டு இருப்பேன்?”

“நான் எங்கயும் போகல ஆத்தா” என்றது ஒரு குரல். கரகரப்பாக, கனமாக இருந்தது. தன் வாயிலிருந்துதான் வந்தது என்பது ஆண்டிச்சாமிக்குத் தெரிந்தது. சொன்னது யார் என்பது தெரியவில்லை. மறுபடி குலவை எழுந்தது.

நாகராசு மாமாவுக்குப் பதில் சொல்ல வேண்டுமே என்று அன்றைக்கே கூடிப் பேசினார்கள். கொழும்புக்குக் கண்ணுசாமியை அனுப்புவது என்று முடிவாயிற்று.