அட்டையிலிருந்து எழுந்து போனவள்

செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றே காலுக்கு, நாற்பது வருடப் பழைய வார இதழ் ஒன்றின் அட்டையிலிருந்து பைண்டரின் மனைவி எழுந்து போனாள். அவள் உட்கார்ந்திருந்த நாற்காலியும் பின்னாலிருந்த ஜன்னலும் அப்படியே இருந்தன. வண்ணம் கலையவில்லை. அவள் இறந்து ஏழு மாதம் ஆகியிருந்தது.

கல்யாணத்துக்கு முன் அவள் ஓர் ஓவியரின் பக்கத்து வீட்டுப் பெண். அவளைப் பார்த்து அவர் முப்பத்தோரு அட்டைகள் வரைந்தார். பைண்டருக்கு அது தெரியும். ஆனால் அவர் தொழிலில் தொடர்கதைக்குத்தான் மதிப்பு. வாசகர்கள் சேர்த்துவைத்துக் கொண்டுவரும் பழைய இதழ்களிலிருந்து கதைப் பக்கங்களை உருவித் தைப்பார். அட்டைகளைக் கிழித்து, மேசையில் பசை சிந்தாமலிருக்க விரித்துக்கொள்வார். ஒருமுறை அவள் பக்கத்தில் வந்து நின்றாள். "என் மூஞ்சிதான் கிடைச்சுதா உங்களுக்கு?" என்றாள். "அசலே வீட்ல இருக்கு, நகல் எதுக்கு?" என்றார். நல்ல பதில் சொன்ன திருப்தியில் அன்று முழுக்கச் சிரித்தார். அவள் பிறகு கேட்கவில்லை.

வீட்டிலிருந்த இரண்டு புகைப்படங்களையும் கரையான் தின்றுவிட்டது. அவள் முகம் மறக்கத் தொடங்கியதும் அவர் பழைய பேப்பர் கடைகளில் ஏறி இறங்கினார். நான்கு வருடத்தில் முப்பது அட்டைகள் சேர்ந்தன. முப்பதிலும் அவள் இல்லை. ஒன்றில் குடை மட்டும் அந்தரத்தில் விரிந்திருந்தது. ஒன்றில் பூனை, மடி இருந்த இடத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. "கட்டு பிரிக்கிறப்ப இருந்தாங்க சார், சத்தியமா. நீங்க படியேறினீங்க, காணோம்" என்றார் கடைக்காரர். பைண்டர் முதுகைக் காட்டி நின்று, முகம் பார்க்கும் கண்ணாடி வழியாகப் பார்த்தார். தூங்குவதுபோல் கிடந்து ஓரக்கண்ணால் பார்த்தார். பலிக்கவில்லை.

முப்பத்தோராவது அட்டை மகளுக்குக் கிடைத்தது. சட்டம் போட்டுத் தன் வீட்டு முன்னறையில் மாட்டினாள். அதில் அம்மா ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தாள். தபால்காரர் பார்த்தார், எதிர்வீட்டுப் பிள்ளைகள் பார்த்தார்கள். அப்பா வாசலில் கால் வைத்ததும் ஊஞ்சல் மட்டும் ஆடியது. அவர் படியிறங்கியதும் அவள் வந்து உட்கார்ந்துகொண்டாள்.

வீட்டில் யாரும் இதைப் பெரிதுபடுத்தவில்லை. ஜன்னலுக்கு வெளியே, படம் தெரியாத பக்கமாக, மருமகன் ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தார். ஞாயிறுதோறும் பைண்டர் அதில் வந்து உட்காருவார். மகள் உள்ளே நின்று அம்மாவின் புடவை நிறம், பின்னல், காதோர மச்சம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லுவாள். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொள்வார். போன ஞாயிறு அவளைப் பாதியில் நிறுத்தினார்.

"அதெல்லாம் இருக்கட்டும்மா. நான் உள்ள வரல. அவ மூஞ்சில இன்னும் கோவம் இருக்கான்னு மட்டும் பாத்துச் சொல்லு."