இராணுவத்தின் ஒரு ரூபாய்

அந்த நாணயத்தைக் கொடுத்தவர் நல்ல மனதோடுதான் கொடுத்தார். பியற்றிசுக்கு அதனால்தான் எரிச்சல் இன்னும் கூடியது.

அவள் லண்டனில், லூயிஷாமில் ஒரு தபாற்கந்தோரில் காசாளர். 1994இல், இரண்டாம் உலகப் போரின் நோர்மண்டித் தரையிறக்கத்தின் ஐம்பதாவது ஆண்டுக்காக வந்த ஐம்பது பென்ஸ் ஒன்று அவள் கைக்கு வந்தது. நாணயம் முழுக்கக் கப்பல்களும் விமானங்களும். காசுப்பெட்டிக்குள் தன் காசைப் போட்டுவிட்டு அதை வீட்டுக்குக் கொண்டுபோனாள். அன்று பிடித்த பித்து விடவில்லை. ஐந்து வருடத்தில் பல நாட்டுப் போர் நினைவு நாணயங்கள் அறுபதுக்கு மேல் சேர்ந்துவிட்டன.

மாதத்தில் ஒரு சனிக்கிழமை, தேவாலய மண்டபமொன்றில் கூடும் நாணயச் சங்கத்திலும் தொடக்கத்திலேயே சேர்ந்திருந்தாள். பதினெட்டு உறுப்பினர்களில் பெண் அவள் ஒருத்தி, தமிழரும் அவள் ஒருத்திதான். நாணயத்தில் ஒரு சிப்பாய் துப்பாக்கி நீட்டிக்கொண்டு நின்றால் அவர்கள் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, "அச்சு நல்ல கூர்மை" என்பார்கள். துப்பாக்கி யாரை நோக்கி நீட்டப்பட்டிருக்கிறது என்று ஒருவரும் கேட்டதில்லை. நாளாக ஆக அவளும் அப்படித்தான் பேசினாள்.

1999 நவம்பர் கூட்டத்தில் சங்கச் செயலாளர் டெரெக் ஒரு சின்னப் பிளாஸ்டிக் உறையை நீட்டினார்.

"உங்கள் நாட்டுடையது. உங்களிடம் இல்லையே என்று தேடிப் பிடித்தேன். ஒரு கீறல்கூட இல்லை, பாருங்கள்."

இலங்கை இராணுவத்தின் ஐம்பதாண்டு நிறைவுக்கு வெளியிட்ட ஒரு ரூபாய். பியற்றிசின் வாய் நன்றி சொன்னது. கை மட்டும் அதை வாங்கக் கொஞ்சம் பிந்தியது.

வீட்டில் அவள் கணவன் கஸ்பர் அதைக் கண்டதும் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தான்.

"இதை ஏன் வீட்டுக்குள்ள கொண்டந்தனீர்?"

"தந்தவை. நான் என்ன செய்யிறது?"

"குப்பையில போடும். இம்மாகுலேற் அக்கா செத்தது மறந்து போச்சோ?"

"அவ என்ர அக்கா, கஸ்பர். நீங்கள் எனக்கு ஞாபகப்படுத்தத் தேவையில்லை." அவளுக்குக் குரல் உயர்ந்தது. "மற்ற அறுபதும் இஞ்ச கிடக்கேக்க நீங்கள் ஒண்டும் சொல்லேல்லை. அதில இருக்கிற ஆமிக்காரரெல்லாம் பூப்பறிக்கப் போனவையோ?"

"அது வேற."

"என்ன வேற?"

கஸ்பர் டிவியைப் போட்டான். அங்கே சங்கத்தில், இது வெறும் உலோகம் என்கிறார்கள். இங்கே இவர், இது உலோகமே இல்லை என்கிறார். நடுவில் நான் ஒருத்தி என்று அவளுக்குச் சலித்துப் போயிற்று.

டிசம்பரில் சங்கத்தின் வருடாந்தக் கண்காட்சி. நாணயங்களைத் தட்டில் அடுக்கி, ஒவ்வொன்றின் கீழும் ஒரு குறிப்பு அட்டை வைப்பது வழக்கம். பியற்றிஸ் அந்த ரூபாயையும் வைத்தாள். நாடு, ஆண்டு, உலோகம், எடை எல்லாம் எழுதிவிட்டு, கடைசியில் ஒரு வரி சேர்த்தாள்: "1990 ஓகஸ்ட் 9, யாழ்ப்பாணம், குருநகர். இந்த இராணுவத்தின் ஷெல் எங்கள் வீட்டில் விழுந்து என் அக்கா இறந்தார்."

மண்டபம் திறக்க ஒரு மணித்தியாலம் இருக்கையில் டெரெக் அதை வாசித்தார்.

"பியற்றிஸ், அட்டையில் தகவல் மட்டும்தான் போடுவோம்."

"இதுவும் தகவல்தான். திகதி இருக்கிறது, ஊர் இருக்கிறது."

"இது அரசியல் மாதிரி இருக்கிறதே."

அவள் அவரை இரண்டு மேசை தள்ளி அவருடைய சொந்தத் தட்டுக்கு அழைத்துப் போனாள். நோர்மண்டி நாணயத்தின் கீழ், "வீரம் செறிந்த மாபெரும் தரையிறக்கம்" என்று அவரே அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார்.

"இந்த வீரம் எத்தனை கிராம், டெரெக்?"

அவர் முகம் சிவந்தது. தேநீர் மேசைப் பக்கம் போய் இன்னும் இருவரோடு குசுகுசுத்தார். திரும்பி வந்து முடிவைச் சொன்னார். எல்லா அட்டைகளிலும் நாடு, ஆண்டு, உலோகம், எடை மட்டும். வேறெதுவும் கூடாது.

பதினேழு ஆண்களும் முணுமுணுத்துக்கொண்டு, மிகுதி வரிகளை வெட்டக் கத்தரிக்கோலைத் தேடினார்கள். இவளால் வந்த வினை என்று ஒவ்வொருவரும் ஒரு பார்வை பார்த்தார்கள். பியற்றிசுக்கு எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய்விடலாம் போலிருந்தது. ஆனாலும் தன் வரியைத் தானே வெட்டினாள்.

கதவு திறந்ததும் வந்த முதல் ஆள் சந்தையில் மரக்கறி வாங்கிக்கொண்டு வந்த ஒரு பெண். தட்டைப் பார்த்துக்கொண்டே வந்தவள் அந்த ரூபாயில் நின்றாள்.

"இது எதற்காக அடித்தது?"

பியற்றிஸ் சொன்னாள். திகதி, தெரு, அக்கா சமைத்துக்கொண்டிருந்தது, எல்லாம். அந்தப் பெண் பையைக் கீழே வைத்துவிட்டுக் காதுகொடுத்துக் கேட்டாள். அடுத்து ஒரு தகப்பனும் மகளும். பிறகு சங்க உறுப்பினர் ஒருவரே வந்து, அட்டையில் இருந்தது என்ன என்று மெல்லக் கேட்டார். அட்டையில் எழுதத்தானே தடை. கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னாள். மூன்று மணிக்குள் தொண்டை கட்டிவிட்டது.

டெரெக் ஒரு கோப்பைத் தேநீர் கொண்டுவந்து வைத்தார். போகாமல் நின்றார்.

"உங்கள் அக்காவுக்கு எத்தனை வயது?"

"முப்பத்தொன்று."

"இத்தனை நாளும் எனக்குத் தெரியாது, பியற்றிஸ்."

"ஐந்து வருடமாக ஒரே மேசையில் இருந்திருக்கிறோம்" என்றாள். கோபத்தோடு சொல்லத்தான் நினைத்தாள். வந்தது களைப்புத்தான்.

ஐந்து மணிக்குக் கஸ்பர் காரோடு வந்தான். தட்டுகளைத் தூக்கும்போது அந்த ரூபாயைக் கண்டான்.

"இன்னும் எறியேல்லையோ?"

"இல்லை."

"பிறகு என்ன செய்யப்போறீர்?"

"தெரியாது. வீட்டை போவம், கால் உளையுது."

கஸ்பர் அந்த ரூபாய் இருந்த தட்டைக் காரின் பின்சீற்றில் வைத்துக் கதவைச் சாத்தினான்.