லோஷினி வயதுக் கிடா

சனிக்கிழமை காலையில் கிடா எழுந்திருக்கவில்லை. சந்திரமதி கயிற்றைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள், முதுகில் தட்டிப் பார்த்தாள், கெஞ்சியும் பார்த்தாள். அது கண்ணை மட்டும் திறந்துவிட்டு மூடிக்கொண்டது. விடிந்தால் முனியாண்டி கோயில் திருவிழா.

மகள் லோஷினி கைக்குழந்தையாக இருந்தபோது டெங்கிக் காய்ச்சல் வந்து, பிழைப்பாளா மாட்டாளா என்று குளுவாங் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். "உயிருக்கு உயிர் தர்றேன் முனியாண்டி" என்று சந்திரமதி நேர்ந்துவிட்ட குட்டி இது. கொம்பு முளைத்ததும் வெட்டியிருக்க வேண்டும். எங்கே வெட்டுவது! பிள்ளை நடக்கப் பழகியதே அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டுதான். திருவிழா வந்தால் பிள்ளை அழும், தாய் மனசு இளகும், "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்று தள்ளிப்போகும். ஒரே சாக்கை வருஷா வருஷம் சொன்னால் எந்தச் சாமிதான் பொறுக்கும்? போன வாரம் பூசாரி சுகுமாறன் வீடு தேடி வந்துவிட்டார்.

"நேர்ந்த கிடா தானா சாவக்கூடாதும்மா. செத்தா, யாருக்காக நேர்ந்தமோ அந்த உயிரையே சாமி கேட்டுரும்" என்றார்.

அந்த வார்த்தை சந்திரமதியின் நெஞ்சில் முள்ளாய்த் தைத்திருந்தது. பதறியடித்துக்கொண்டு கால்நடை டாக்டர் ஃபரீஹாவுக்குப் போன் போட்டாள். லாயாங் லாயாங் ஊர் வரை காரை ஓட்டிக்கொண்டு வந்த டாக்டர், கிடாவின் நெஞ்சில் காதுக்குழலை வைத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"ஏதாச்சும் ஊசி போடுங்க டாக்டர். நாளைக்குக் காலை வரைக்கும் தாங்குனா போதும்."

"இது நோய் இல்லக்கா, வயசு. கிழவனாயிட்டான்."

"அலமாக்! கிழவனா? எம்மக வயசுதான் லா இவனுக்கும். அவளுக்கே இப்பத்தான் பதிமூணு!"

"ஆட்டுக்கு அது பழுத்த வயசு. காட்டுல இதை நாயோ புலியோ எப்ப வேணாலும் அடிச்சுப் போட்டுரும். அதனால இந்தச் சாதியே அவசர அவசரமா வளர்ந்து, குட்டி குறுமான்னு பெருக்கிட்டுப் போயிரும். உடம்பைப் பழுது பாத்து ரொம்ப நாளைக்கு வச்சிருக்க அதுக்கு வழியில்ல. நமக்கு அப்படியா? ஒரு பிள்ளைய ஆளாக்கவே இருபது வருஷம் ஆவுது. மெதுவா வளர்றோம், மெதுவாத்தான் தேயுறோம்." டாக்டர் பையை மூடினார். "வலி தெரியாம இருக்க ஊசி போட்டிருக்கேன். மத்தியானம் தாண்டாதுக்கா."

பாவி மனுஷி! இரண்டும் ஒன்றாகத்தானே வளருகின்றன, என்ன அவசரம் என்று சந்திரமதி இருந்துவிட்டாள். டாக்டரின் கார் தெருமுனை திரும்புவதற்குள் பூசாரிக்குப் போன் போட்டாள். "பாராங் கத்திய எடுத்துக்கிட்டு இப்பவே வாங்கண்ணே! முறையெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். உயிர் இருக்கும்போதே வெட்டிறணும்!"

சொல்லிவிட்டுத் திரும்பினால் வாசற்படியில் லோஷினி. இனி அழுது ஊரைக் கூட்டப்போகிறாள் என்று சந்திரமதி மனசைக் கல்லாக்கிக்கொண்டாள். மகள் அழவில்லை. நேராக வந்து கிடாவின் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்து, அதன் கொம்பைப் பிடித்துக் கழுத்தை நீட்டி வைத்தாள்.

"எப்பம்மா வருவாங்க? சீக்கிரம் வரச் சொல்லுங்க."

"லோஷினி..."

"பூசாரி சொன்னப்ப நான் கதவுக்குப் பின்னாலதாம்மா நின்னேன். இது தானா செத்தா அடுத்தது நான்தானே? எனக்குச் சாவப் பயமா இருக்கும்மா. சீக்கிரம் வெட்டச் சொல்லுங்க!"

இந்தப் பிள்ளையா இப்படிக் கேட்கிறாள் என்று சந்திரமதி திகைத்தாள். போன திருவிழாவில்கூட இந்தக் கிடாவுக்காகச் சோறு தண்ணி இல்லாமல் கிடந்த பிள்ளை! வாசலில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. சாக்கில் சுற்றிய கத்தியோடு பூசாரி இறங்கினார்.

"போயிருங்கண்ணே."

"என்னம்மா இது? இப்பத்தானே போன் பண்ணி..."

"போங்கன்னு சொல்றேன்ல! இது தன் ஆயுசு முடிஞ்சு போவுது. எம்மக ஆயுசு வேற, இது ஆயுசு வேற. சாமிக்குக் கோவம்னா எங்கிட்ட வரட்டும்!"

அவர் தலையில் அடித்துக்கொண்டு வண்டியைத் திருப்பினார். சந்திரமதிக்கும் பயம் போய்விடவில்லை. ஆனாலும் மகளின் விரல்களை ஒவ்வொன்றாகக் கொம்பிலிருந்து பிரித்தெடுத்து, அவளை மடியோடு சேர்த்துக்கொண்டாள். இருவரும் கிடாவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதன் விலா மெல்ல ஏறி இறங்கியது. பிறகு இறங்கியது ஏறவில்லை.

லோஷினி மூச்சைப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருந்தாள். சந்திரமதி மகளின் முகத்தையே பார்த்தாள். முற்றத்து வெயில் சுவர்வரை ஏறிவிட்டது.

"அம்மா" என்றாள் லோஷினி கடைசியில், மெதுவாக. "பசிக்குதும்மா."

அதைக் கேட்டபிறகுதான் சந்திரமதி வாய்விட்டு அழுதாள்.