கூண்டு இறங்கிய இடம்

கடலடியில் குமிழி வந்தால் என்ன அர்த்தம் என்று என்னிடம் கேட்காதீர்கள். அதைச் சொல்லத்தான் எனக்குச் சம்பளம். ஆனாலும் கேட்காதீர்கள்.

நாகப்பட்டினத்துக்குக் கிழக்கே, கடலுக்கு அடியில் உள்ள பாறைக்குள், ஆலைப் புகையிலிருந்து பிரித்த கரியமில வாயுவைச் சோதனைக்காகச் செலுத்தியிருக்கிறார்கள். அது கசிகிறதா என்று பார்ப்பது என் வேலை. கலியபெருமாள் அண்ணனின் விசைப்படகில் போய், இருநூறு கிலோ கேமராக் கூண்டைக் கடல்தரையில் இறக்குவோம். சனிக்கிழமை இறக்கியதுமே திரையில் குமிழிகள் கிளம்பின.

"கசியுதா செம்மொழிம்மா?" என்றார் அண்ணன். "கசிவுன்னு நீங்க எழுதிட்டா இங்க வலை போட விடமாட்டாங்க. அறுபத்தொரு நாள் தடை முடிஞ்சு, இப்பதான் இறால் கண்ணுல படுது."

"திங்கக்கிழமை சொல்றேண்ணே."

கூண்டை அங்கேயே விட்டு, மிதவை கட்டிவிட்டு வந்தோம்.

ஞாயிறன்று நன்னிலத்தில் எங்கள் வயலில் குறுவை நடவு. ஆட்களுக்குச் சாப்பாடு கொண்டுபோனவள் சேற்றில் இறங்கினேன். காலைச் சுற்றிக் குபுகுபுவென்று குமிழி. அடுத்த அடி வைத்தேன், அங்கேயும் குமிழி. அசையாமல் நின்றேன், சற்று நேரத்தில் அடங்கிவிட்டது. பிறந்ததிலிருந்து இந்தச் சேற்றில்தான் நடக்கிறேன், இது உறைக்க முனைவர் பட்டம் வாங்கி ஐந்து வருஷம் ஆகியிருக்கிறது. என் மேலேயே எனக்குக் கோபம் வந்தது. சந்தோஷமும்தான்.

வரப்பிலிருந்தே போன் போட்டேன். "கசிவு இல்லண்ணே. கூண்டோட வெயிட்டு சேத்தை அமுக்கியிருக்கு, அவ்வளவுதான். இந்நேரம் நின்னுருக்கும்."

"நிச்சயமாம்மா?"

"நிச்சயம்ண்ணே."

திங்கட்கிழமை படகில் புது வலை இருந்தது. அவர் மனைவி காளியம்மாள் துறைக்கே வந்து அதற்குச் சூடம் காட்டிவிட்டுப் போனார். நானும் கும்பிட்டேன்.

மிதவையில் இருந்த ஒயரைத் திரையில் மாட்டினேன். இரண்டு நாளாக யாரும் தொடாத கூண்டு. அதன் கால்களுக்கடியில் ஒன்றுமில்லை. நான்கு முழம் தள்ளி, ஒரு சின்னத் துவாரத்திலிருந்து குமிழி ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தது. பாறைக்குள் செலுத்திய வாயுவா, கடல்சேற்றின் சொந்த வாயுவா? பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினால் பதினைந்து நாளில் தெரியும். இன்று மாலைக்குள் நான் அறிக்கை எழுத வேண்டும்.

அண்ணன் திரையைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்தார்.

"இன்னும் நம்ம வெயிட்டுதானாம்மா?"

"தெரியலண்ணே."

நேற்றே சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை. அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை. ஆட்களிடம் வலையைப் பிரிக்க வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் படகைத் திருப்பினார்.