நீல மீன் கோப்பை

ஞாயிற்றுக்கிழமை காலை புதுவாயல் அறையில் இருந்தவர்கள்: வீட்டுக்காரரிடம் பேசி அந்த அறையை எடுத்த ஆதிகேசவன், லேத் ஓட்டும் ஜோசப், பாயில் குப்புறப் படுத்து, தூங்குவதுபோல் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த ரஃபி, கும்மிடிப்பூண்டி ரோலிங் மில்லில் நைட் ஷிப்ட் முடித்து, கையில் பார்சல் டீயோடு அப்போதுதான் நுழைந்த கலியன்.

கலியன் கண்ணில் முதலில் பட்டது ஜன்னலில் இருந்த அவனுடைய கோப்பை. உள்ளே பீடித் துண்டுகளும் சாம்பலும்.

பெரியபாளையத்தில் ஆடித் திருவிழாக் கடையில் வாங்கியது. யார் நினைவும் அதில் இல்லை. பிடித்திருந்தது, வாங்கினான். முட்டை ஓடு மாதிரி மெல்லிய விளிம்பு. வெளியே வெறும் வெள்ளை, உள்ளே அடியில் மட்டும் ஒரு நீல மீன், அதன் வால் மட்டும் கோப்பையின் பக்கச் சுவரில் ஏறியிருக்கும். டீ ஊற்றினால் மீன் மறையும். அவசரப்படாமல் குடித்துக்கொண்டே போனால் முதலில் வால் தெரியும், பிறகு செதில், கடைசி வாய்க்குக் கண். இரவெல்லாம் பழுத்த கம்பியின் அனலில் நிற்பவனுக்கு அந்த ஒரு டீதான் தனக்கென்று இருந்தது.

அறையில் வேறு எதுவும் யாருக்கும் சொந்தமில்லை. ஒருவன் ஷிப்டுக்குக் கிளம்பினால் அவன் பாயில், சூடு ஆறுவதற்குள், வேலை முடிந்து வந்தவன் படுப்பான். சோப்பு, சீப்பு, லுங்கி எல்லாம் பொது. எந்நேரமும் ஒருவன் வருவான் என்பதால் கதவுக்குத் தாழ்ப்பாள் போடுவதே இல்லை. மாற்றுத் துணியில்லாமல் பொதட்டூர்பேட்டையிலிருந்து வந்த கலியனைக் காப்பாற்றியதும் எல்லாம் பொது என்ற அந்தச் சட்டம்தான்.

கலியன் சாம்பலைக் கொட்டிக் கோப்பையைக் கழுவிக்கொண்டே, இனி இதை யாரும் தொடக் கூடாது என்றான்.

ஜோசப் சிரித்தான். "என் சட்டைய மாட்டிக்கினுதான இன்டர்வியூக்குப் போன? அப்போ பொது இனிச்சுதா?"

சொன்னது உண்மை. உண்மையாக இருந்தும் மீன்மேல் கறை போகவில்லை. கலியன் விரலால் தேய்த்தான்.

பீடிக்குக் கொட்டாங்கச்சி வைத்துக்கொள்ளலாம் என்று ரஃபி பாயிலிருந்தே சமாதானம் பேசினான். ஆதிகேசவன் ஒப்பவில்லை. இன்றைக்குக் கோப்பை என்பான், நாளைக்குப் பாய் என்பான், அப்புறம் ஆளுக்கொரு பெட்டி, பெட்டிக்கொரு பூட்டு. கோபமில்லாமல்தான் சொன்னான்.

"கப்பு பொதுவுல இருக்கட்டும். இல்லாங்காட்டி கப்போட நீ கெளம்பு நைனா."

"கெளம்புறேன். டீ குட்ச்சிட்டு."

பாலித்தீன் கவரின் முடிச்சை அவிழ்த்து டீயைக் கோப்பையில் ஊற்றினான். வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தான். பகலில் எங்கே தூங்குவது என்று தெரியாது. தனியாக அறை எடுக்க முடியுமா, அதுவும் தெரியாது. மெல்லிய விளிம்பு, உதட்டில் பட்டதும் கோப்பை இருப்பதே தெரியாமல் போனது. டீ மட்டும்தான் இருந்தது. வால் தெரிந்தது.

"இன்னாடா, பொண்ணு பாக்க வந்தவன் மாறி உறிஞ்சிக்கினு கீற?" என்றான் ஜோசப்.

கலியன் அவசரப்படவில்லை. செதில் தெரிந்தது. கண் தெரிந்தது.

கோப்பையை அலம்பித் துண்டில் சுற்றிப் பைக்குள் வைத்தான். போன மாதம் அவன் வாங்கிய புது லுங்கி கொடியில் தொங்கியது. அதை எடுக்கவில்லை, அது பொது.

செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே இறங்கினான். ஆதிகேசவன் எழுந்து வந்து கதவைச் சாத்தி, உள்ளே தாழ்ப்பாள் போட்டான்.